மைக்ரோகண்ட்ரோலருக்கு ஓஎஸ்: லூப் போதுமா, நாமே எழுதுவதா, ஆயத்தமானதை எடுப்பதா?

"ஒரு சின்ன போர்டு இருக்கிறது. மோட்டார் ஓட வேண்டும், சீரியலில் கட்டளை வர வேண்டும், திரையில் எண் தெரிய வேண்டும். இதற்கு நானே ஒரு எளிய ஓஎஸ் எழுதட்டுமா, இல்லை ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஆயத்த ஓஎஸ்ஸைப் போட்டுவிடட்டுமா?" இந்தக் கேள்வியோடு நிறையப் பேர் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பதில் சொல்பவர்களும் பெரும்பாலும் தங்களுக்குப் பழகியதையே சிபாரிசு செய்கிறார்கள். லூப்பிலேயே வளர்ந்தவருக்கு ஓஎஸ் வீண் சுமையாகத் தெரிகிறது. ஆர்டிஓஎஸ் (வேலைகளை உரிய நேரத்தில் ஓட்டும் ரியல்-டைம் ஓஎஸ்) பழகியவருக்கு லூப் பழங்காலமாகத் தெரிகிறது.

வழிகள் மொத்தம் நான்கு: இன்டரப்டோடு (ஓடும் வேலையை வன்பொருள் இடைமறித்து அவசர வேலையை ஓட்டும் ஏற்பாடு) கூடிய சாதாரண லூப், நாமே எழுதும் கோஆப்பரேட்டிவ் ஷெட்யூலர் (வேலைகள் தாமாக இடம் விடும் முறை), நாமே எழுதும் ப்ரீஎம்ப்டிவ் கர்னல் (வேலையைப் பாதியில் நிறுத்தி இன்னொன்றை ஓட்டும் ஓஎஸ் மையம்), ஆயத்த ஆர்டிஓஎஸ். எதை வைத்து அளக்கிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் நேரம். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். உங்கள் வேலைகளில் மிக அவசரமானது எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? மிக நீளமானது ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓடும்? இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது.

மேலே சொன்ன போர்டையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டார் கட்டுப்பாடு 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை 128×64 புள்ளிகள் கொண்ட ஒற்றை நிற ஓஎல்இடி. ஒரு முழுப் படம் 1,024 பைட். திரையை இணைக்கும் ஐ2சி கம்பியில் ஒரு பைட்டுக்கு 9 பிட் போகிறது. 400 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் படம் முழுக்கப் போய்ச்சேர சுமார் 23 மில்லிசெகண்ட் ஆகும். சீரியல் 115200 பாட் என்றால் 87 மைக்ரோசெகண்டுக்கு ஒரு பைட் வந்து விழலாம். ஆக, திரைக்குப் படம் அனுப்பி முடிப்பதற்குள் மோட்டாரின் 23 முறைகள் கடந்துபோகும், சீரியலில் 260-க்கும் மேற்பட்ட பைட்டுகள் வந்துவிடும். பிரச்சினையின் முழு உருவமும் இந்த மூன்று எண்களில் இருக்கிறது. இந்த போர்டை நான்கு வழிகளிலும் வைத்துப் பார்க்கப் போகிறோம்.

இரண்டாவது ரேம். ப்ரீஎம்ப்டிவ் முறையில் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் (தனியாக ஓடும் வேலைக்கும்) தனி ஸ்டேக் (தற்காலிக மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதி) வேண்டும். ஏடிமெகா328பி சிப்பில் இருப்பது 2 கேபி. எஸ்டிஎம்32எஃப்103சி8-இல் 20 கேபி. ஆர்பி2040-இல் 264 கேபி. ஒன்றில் கட்டுப்படியாகாதது இன்னொன்றில் பொருட்டே இல்லை.

மூன்றாவது, பிழை வந்தால் அது எப்படிப்பட்ட பிழை என்பது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வரும் பிழை ஒரு ரகம். மூன்று நாளுக்கு ஒருமுறை, இன்டரப்ட் ஒரு குறிப்பிட்ட நொடியில் வந்தால் மட்டும் தலைகாட்டும் பிழை வேறு ரகம். ஓஎஸ் தேர்வு இரண்டாவது ரகத்தின் எண்ணிக்கையை நேரடியாக மாற்றுகிறது.

நான்காவது, எதற்காகச் செய்கிறீர்கள் என்பது. கற்றுக்கொள்ளவா, இன்னொருவர் கையில் கொடுக்கவா? இதை மறைக்காமல் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டால் பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

## வழி 1: லூப்பும் இன்டரப்டும்

மெயினில் முடிவில்லாத ஒரு லூப். அவசரமானவை இன்டரப்டில் நடக்கும், மற்றவை லூப்பில் வரிசையாக ஓடும். இதைச் சூப்பர் லூப் என்பார்கள்.

நம் போர்டுக்கு இது போதுமா? போதும். மோட்டார் கட்டுப்பாட்டை 1 மில்லிசெகண்ட் டைமர் இன்டரப்டுக்குள் வையுங்கள். சீரியல் இன்டரப்ட் வரும் பைட்டை ஒரு ரிங் பஃபரில் (சுற்றிச் சுற்றி நிரப்பும் தற்காலிக இடத்தில்) போடட்டும். திரை லூப்பில் ஓடட்டும். திரை 23 மில்லிசெகண்ட் எடுத்தாலும் மற்ற இரண்டும் பாதிக்கப்படாது, பஃபர் மட்டும் 300 பைட் அளவுக்கு இருந்தால் சரி.

பலர் கவனிக்காத விஷயம் இதுதான்: இன்டரப்ட் கண்ட்ரோலரே ஒரு ப்ரீஎம்ப்டிவ் ஷெட்யூலர். எஸ்டிஎம்32, ஆர்பி2040 போன்றவற்றுக்குள் இருக்கும் கார்டெக்ஸ்-எம் பிராசஸரில் ஒவ்வொரு இன்டரப்டுக்கும் முன்னுரிமை கொடுக்கலாம், உயர்ந்தது தாழ்ந்ததை இடைமறித்து ஓடும். கார்டெக்ஸ்-எம்3, எம்4 இரண்டிலும் வன்பொருள் 12 சுழற்சிகளில் இன்டரப்ட் ஃபங்ஷனுக்குள் நுழைந்துவிடும், நினைவகம் தாமதிக்காத வரை. எந்த ஓஎஸ்ஸும் இதைவிட வேகமாக டாஸ்க் மாற்றாது. ஆகவே அவசர வேலைகள் எல்லாம் குட்டி வேலைகள் என்றால் உங்களுக்கு ஓஎஸ் தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் வருகிறது. லூப்புக்குள் இருக்கும் ஒரு வேலை மற்ற எல்லா வேலைகளின் மொத்த நேரம் வரை காத்திருக்க நேரும், அதில் நீளமான வேலையின் பங்குதான் பெரியது. யாராவது ஒரு டிலே ஃபங்ஷனை உள்ளே போட்டால் மொத்த லூப்பும் நிற்கும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு வேலையையும் ஸ்டேட் மெஷினாக (எந்தப் படியில் நிற்கிறோம் என்று நினைவில் வைத்து ஓடும் சிறு படிகளாக) உடைக்க வேண்டும். மூன்று வேலை வரை அது அழகாக இருக்கும். எட்டு வேலை ஆனதும் எந்த ஃப்ளாக்கை (நடந்ததைக் குறிக்கும் மாறியை) யார் ஏற்றினார், யார் இறக்கினார் என்று தேடுவதே வேலையாகிவிடும்.

அப்புறம், பகிரப்படும் மாறிகள். ஏடிமெகா328பி சேர்ந்த ஏவிஆர் குடும்பம் 8-பிட் சிப். 16-பிட் எண்ணை அது இரண்டு தடவையாகத்தான் படிக்கும். நடுவில் இன்டரப்ட் வந்து எண்ணை மாற்றினால் பாதி பழசும் பாதி புதுசுமாக ஓர் எண் கையில் வரும். ஓஎஸ் இல்லையென்றால் இந்தத் தொல்லையும் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

## வழி 2: நாமே எழுதும் கோஆப்பரேட்டிவ் ஷெட்யூலர்

இதில் ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஃபங்ஷன், அது எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓட வேண்டும், அடுத்து எப்போது ஓட வேண்டும். ஒரு டைமர் இன்டரப்ட் மில்லிசெகண்ட் கணக்கை ஏற்றிக்கொண்டே போகும். லூப் அட்டவணையைப் பார்த்து, நேரம் வந்ததைக் கூப்பிடும். கூப்பிட்ட ஃபங்ஷன் தானாகத் திரும்பி வந்தால்தான் அடுத்ததற்கு வாய்ப்பு. நூறு வரிக்குள் எழுதி முடிக்கலாம். ஒரே ஸ்டேக். ஒரு வேலை ஓடும்போது இன்னொரு வேலை குறுக்கே வராது, அதனால் வேலைகளுக்கு இடையே மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவருக்கே அனுமதி தரும் பூட்டு) பெரும்பாலும் தேவைப்படாது.

இந்த வழிக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது என் கருத்து. "எளிய ஓஎஸ்" என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான்.

நம் போர்டில் திரை வேலையை மட்டும் வெட்ட வேண்டும். இவ்வகை ஓஎல்இடி-யின் நினைவகம் 128 பைட் கொண்ட 8 பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒருமுறைக்கு ஒரு பக்கம் என்று அனுப்பினால், ஒரே மூச்சில் ஓடும் நேரம் 23-இலிருந்து ஏறக்குறைய 3 மில்லிசெகண்டாக இறங்கும். மோட்டார் அப்போதும் இன்டரப்டில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் 3 என்பது 1-ஐ விடப் பெரியது. இந்த ஒப்பீட்டை எழுதிப் பார்க்காமல் மோட்டாரையும் அட்டவணையில் சேர்ப்பவர்களுக்குத்தான் ஷெட்யூலர் மீது கோபம் வருகிறது.

சின்ன ஷெட்யூலரிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. 32-பிட் மில்லிசெகண்ட் கணக்கு சுமார் 49.7 நாளில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்கு வரும். "இப்போதைய நேரம், குறித்த நேரத்தைவிடப் பெரியதா" என்று நேராக ஒப்பிட்டால் அன்றைக்குக் கணக்கு குழம்பும். இரண்டையும் கழித்து, வித்தியாசத்தை ஒப்பிட்டால் குழம்பாது. மின்சாரம் மிச்சப்படுத்த சிப்பைத் தூங்க வைப்பதும் அப்படித்தான். வேலை ஏதும் இல்லை என்று சரிபார்த்துவிட்டு, தூங்கப் போவதற்குள் ஓர் இன்டரப்ட் வந்துவிட்டால், வேலை காத்திருக்கும்போதே சிப் தூங்கிவிடும். கார்டெக்ஸ்-எம்-இல் இதற்கு நல்ல வழி இருக்கிறது. பிரைமாஸ்க் என்ற சுவிட்ச் மூலம் இன்டரப்டை அடைத்துவிட்டுச் சரிபார்த்து, அப்படியே டபிள்யூஎஃப்ஐ என்ற தூக்கக் கட்டளையைக் கொடுக்கலாம். அடைத்திருந்தாலும் இன்டரப்ட் வந்தால் சிப் விழிக்கும், பிறகு அடைப்பைத் திறந்துகொள்ளலாம்.

ஸ்டேட் மெஷின் எழுதிச் சலித்தவர்கள் புரோட்டோத்ரெட் முறையைப் பார்க்கலாம். காண்டிகி ஓஎஸ்ஸை உருவாக்கிய ஆடம் டங்கெல்ஸ் கொண்டுவந்தது. ஒரு த்ரெட்டுக்கு இரண்டு பைட் போதும். ஆனால் காத்திருந்து திரும்பும்போது உள்ளூர் மாறிகளின் மதிப்பு நிற்காது. அவற்றை ஸ்டேட்டிக் ஆக்கியாக வேண்டும்.

இந்த வழி தோற்கும் இடம் ஒன்றே ஒன்று: வெட்ட முடியாத வேலை. வேறொருவர் எழுதிய லைப்ரரி உள்ளே போய் 200 மில்லிசெகண்ட் திரும்பி வராது, அதை உங்களால் திறந்து வெட்டவும் முடியாது, அதே நேரத்தில் ஓட வேண்டிய இன்னொரு வேலையும் இன்டரப்டுக்குள் அடங்காத அளவு பெரியது. அப்போதுதான் ப்ரீஎம்ப்ஷன் உண்மையான தேவையாகிறது.

## வழி 3: நாமே எழுதும் ப்ரீஎம்ப்டிவ் கர்னல்

இதுதான் எல்லோரையும் இழுக்கும் வழி. இழுப்பதற்குக் காரணமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஃபங்ஷனைப் பாதியில் நிறுத்தி, அதன் ரெஜிஸ்டர்களை (பிராசஸர் எண்களை வைத்து வேலை செய்யும் இடங்களை) எடுத்து வைத்து, இன்னொன்றை அது விட்ட இடத்திலிருந்து ஓட வைப்பது. முதல் முறை இரண்டு எல்இடி-கள் தனித்தனி முடிவில்லா லூப்களிலிருந்து மின்னும்போது கணினியைப் பற்றிய ஒரு பெரிய புதிர் அவிழ்ந்துவிடுகிறது.

கார்டெக்ஸ்-எம் இதற்கென்றே வடிவமைக்கப்பட்டது போல இருக்கும். டாஸ்க்குகளுக்கு பிஎஸ்பி, இன்டரப்டுகளுக்கு எம்எஸ்பி என்று இரண்டு ஸ்டேக் பாயிண்டர்கள். இன்டரப்ட் வந்ததும் ஆர்0 முதல் ஆர்3 வரை, ஆர்12, எல்ஆர், பிசி, எக்ஸ்பிஎஸ்ஆர் ஆகிய எட்டு ரெஜிஸ்டர்களையும் வன்பொருளே ஸ்டேக்கில் வைத்துவிடும். மீதி ஆர்4 முதல் ஆர்11 வரை நாம் வைக்க வேண்டும். மொத்தம் 64 பைட். நேரத்தை எண்ண சிஸ்டிக் டைமர், டாஸ்க்கை மாற்ற மிகத் தாழ்ந்த முன்னுரிமையில் பெண்ட்எஸ்வி இன்டரப்ட். புது டாஸ்க்குக்கு ஏற்கெனவே இடைமறிக்கப்பட்டது போன்ற ஒரு பொய் ஸ்டேக்கைத் தயாரிக்க வேண்டும். அதில் எக்ஸ்பிஎஸ்ஆரின் 24-ஆவது பிட் 1 ஆக இல்லையென்றால் முதல் மாற்றத்திலேயே ஹார்டுஃபால்ட் என்ற பிழையில் சிக்கும்.

இதுவரை எழுதியது இரண்டு பக்கக் குறியீடு. செலவு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஸ்டேக் அளவை யார் சொல்வது? குறைத்தால் பக்கத்து டாஸ்க்கின் நினைவகம் சத்தமில்லாமல் கெடும், பிழை வேறு எங்கோ தெரியும். தெரிந்த ஒரு மதிப்பால் ஸ்டேக் முழுவதையும் நிரப்பிவைத்து, எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறது என்று அவ்வப்போது பார்க்கும் வசதியை நீங்களே எழுத வேண்டும். எம்4-இல் தசம எண் கணக்கு செய்யும் டாஸ்க் என்றால் எஃப்பியு (தசமக் கணக்குக்கான பகுதி) ரெஜிஸ்டர்களும் சேர்ந்து, எடுத்து வைப்பது மட்டும் 200 பைட்டைத் தாண்டும். ஏவிஆரில் நிலைமை இன்னும் இறுக்கம். அங்கே இன்டரப்டுகளுக்குத் தனி ஸ்டேக் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்கின் ஸ்டேக்கிலேயே ஏறும். அதனால் ஒவ்வொரு டாஸ்க்கும் இன்டரப்டுக்கான இடத்தையும் சுமக்க வேண்டும். 2 கேபி-யில் ஐந்து டாஸ்க் என்பது பெரும் நெருக்கடி.

ஒரு சிப்புக்கு எழுதியது இன்னொன்றில் அப்படியே ஓடாது. எளிய கார்டெக்ஸ்-எம்0-வில் ஆர்8 முதல் ஆர்11 வரையானவற்றை நேரடியாக ஸ்டேக்கில் தள்ள முடியாது, தாழ்ந்த ரெஜிஸ்டர் வழியாக நகர்த்த வேண்டும். தாழ்ந்த முன்னுரிமை இன்டரப்டுகளை மட்டும் அடைக்கும் பேஸ்பிரி ரெஜிஸ்டரும் அங்கே இல்லை, ஆகவே கர்னல் தன் பட்டியலைத் திருத்தும்போது எல்லா இன்டரப்டையும் அடைக்க வேண்டியிருக்கும். ஆர்பி2040-இல் இரண்டு கோர்கள். ஒரு கோரில் இன்டரப்டை அடைப்பது மற்ற கோரைத் தடுக்காது, வன்பொருள் ஸ்பின்லாக் (கிடைக்கும் வரை சுற்றிச் சுற்றிக் கேட்கும் பூட்டு) வேண்டும்.

பிறகு பூட்டுகள். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் அங்கே திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. வானிலைத் தகவல் சேகரிக்கும் தாழ்ந்த டாஸ்க் ஒரு பூட்டை வைத்திருந்தது. தகவல் போகும் பாதையான பஸ்ஸை நிர்வகிக்கும் உயர்ந்த முன்னுரிமை டாஸ்க் அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமை டாஸ்க் ஒன்று தாழ்ந்ததை ஓடவிடாமல் அழுத்தியது. உயர்ந்தது தன் வேலையை நேரத்தில் முடிக்கவில்லை என்று கண்டதும் கண்காணிப்பு ஏற்பாடு மொத்தத்தையும் ரீசெட் செய்தது. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ஆயத்த ஆர்டிஓஎஸ். பூட்டு வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி அதில் ஏற்கெனவே இருந்தது, அந்தப் பூட்டுக்கு அது அணைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து அதை இயக்கச் செய்து சரிப்படுத்தினார்கள். நீங்கள் எழுதிய கர்னலில் அந்த வசதியை இயக்க வேண்டுமென்றால் முதலில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சி லைப்ரரியும் சும்மா இருக்காது. பிரின்ட்எஃப் (எழுத்து வெளியிடுவது), மெலாக் (நினைவகம் ஒதுக்குவது) போன்றவற்றை இரண்டு டாஸ்க்குகள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் லைப்ரரி கட்டப்பட்ட விதத்தைப் பொறுத்தது. பூட்டுப் போடுவதற்காக அது காலியாக விட்டிருக்கும் ஃபங்ஷன்களை நீங்கள்தான் நிரப்பியாக வேண்டும்.

கற்பதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் பேர் கைக்குப் போகும் கருவிக்குள் இதை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

## வழி 4: ஆயத்த ஆர்டிஓஎஸ்

ஃப்ரீஆர்டிஓஎஸ் 2003-இல் ரிச்சர்ட் பேரி தொடங்கியது. 2017 முதல் அமேசான் பராமரிப்பில், எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. கர்னலின் மையம் மூன்றே சி கோப்புகள், அதோடு உங்கள் சிப்புக்கான போர்ட் (அந்தச் சிப்புக்கு ஏற்ப எழுதிய பகுதி). செஃபிர் 2016-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்தது. அது கர்னல் மட்டுமல்ல, டிரைவர்கள், புளூடூத், நெட்வொர்க் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பு. மைக்ரோசாஃப்ட் கையில் இருந்த த்ரெட்எக்ஸ் என்ற ஆர்டிஓஎஸ் இப்போது எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனில் திறந்த மூலமாக இருக்கிறது. இஎஸ்பி32 சிப் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வே ஏறக்குறைய முடிந்துவிட்டது, அதன் அதிகாரபூர்வ ஐடிஎஃப் மென்பொருள் தொகுப்பே ஃப்ரீஆர்டிஓஎஸ் மேல்தான் நிற்கிறது.

நம் போர்டில் மோட்டாருக்கு உயர்ந்த முன்னுரிமை, சீரியலுக்கு அடுத்தது, திரைக்குக் கடைசி. திரை எவ்வளவு நேரம் எடுத்தாலும் வெட்டத் தேவையில்லை. அடிக்கடி ஓட வேண்டியதற்கு உயர்ந்த முன்னுரிமை என்ற இந்த விதிக்கு 1973-இலேயே லியூ, லேலண்ட் இருவரும் கணித அடிப்படை கொடுத்துவிட்டார்கள். ஒன்றையொன்று சாராத வேலைகள் பிராசஸரின் நேரத்தில் மொத்தம் 69 விழுக்காட்டுக்குள் அடங்கினால், எத்தனை டாஸ்க் இருந்தாலும் எதுவும் கெடுவைத் தவறவிடாது.

ஆயத்தமானது என்பதால் செலவே இல்லை என்று ஆகாது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் மிக அதிகம் பேரைத் தடுக்கி விழவைப்பது இன்டரப்ட் முன்னுரிமை. கார்டெக்ஸ்-எம்-இல் எண் சிறியது என்றால் முன்னுரிமை உயர்ந்தது. ஆனால் டாஸ்க் முன்னுரிமையில் எண் பெரியதுதான் உயர்ந்தது. அமைப்புக் கோப்பில் குறித்த எல்லையைவிட உயர்ந்த இன்டரப்டிலிருந்து கர்னலைக் கூப்பிட்டால் உள்பட்டியல்கள் எப்போதாவது ஒருநாள் கெடும். அசர்ட் (தவறு கண்டால் உடனே நிறுத்தும் சோதனை) வசதியை முதல் நாளே இயக்கி வைத்தால் அநேக போர்ட்கள் இதை உடனே பிடித்துக்கொடுக்கும். ஸ்டேக் அளவை மூல ஃப்ரீஆர்டிஓஎஸ் வேர்டு கணக்கில் கேட்கும், இஎஸ்பி ஐடிஎஃப்-இல் அதே எண் பைட் கணக்கு. 32-பிட் சிப்பில் இது நான்கு மடங்கு வித்தியாசம். மியூடெக்ஸில் முன்னுரிமை கொடுக்கும் ஏற்பாடு உண்டு, பைனரி செமாஃபோரில் (டாஸ்க்குகளுக்கு இடையே சைகை காட்டும் பொருளில்) கிடையாது. பாத்ஃபைண்டர் கதையை இங்கேயும் தவறான பொருளை எடுத்து அரங்கேற்றலாம்.

செஃபிரின் செலவு வேறு வகை. டிவைஸ்ட்ரீ (வன்பொருளை விவரிக்கும் கோப்பு), கேகான்ஃபிக் (வசதிகளைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு), வெஸ்ட் என்ற கட்டளைக் கருவி ஆகிய மூன்றையும் பழகாமல் ஓர் எல்இடி கூட மின்னாது. நெட்வொர்க், பாதுகாப்பான அப்டேட், பல போர்டுகளுக்கு ஒரே குறியீடு என்று தேவை இருந்தால் அந்த உழைப்பு பலமடங்காகத் திரும்பி வரும். மூன்று வேலை கொண்ட ஒற்றை போர்டுக்கு வராது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | லூப் + இன்டரப்ட் | சொந்த கோஆப்பரேட்டிவ் | சொந்த ப்ரீஎம்ப்டிவ் | ஆயத்த ஆர்டிஓஎஸ் |
|---|---|---|---|---|
| ரேம் | ஒரே ஸ்டேக் | ஒரே ஸ்டேக், சின்ன அட்டவணை | டாஸ்க்குக்கு ஒரு ஸ்டேக் | டாஸ்க்குக்கு ஒரு ஸ்டேக், கர்னலின் பங்கும் சேர்த்து |
| லூப் அல்லது டாஸ்க் வேலையின் காத்திருப்பு | மற்ற எல்லா வேலைகளின் மொத்த நேரம் வரை | ஓடும் வேலை திரும்பும் வரை | மிக உயர்ந்த டாஸ்க்குக்கு டாஸ்க் மாறும் நேரம் | மிக உயர்ந்த டாஸ்க்குக்கு டாஸ்க் மாறும் நேரம் |
| அடிக்கடி வரும் பிழை | ஃப்ளாக் குழப்பம் | திரும்பி வராத வேலை | ஸ்டேக், பூட்டு, கர்னலின் சொந்தப் பிழை | அமைப்புத் தவறு, ஸ்டேக், பூட்டு |
| பொருந்தும் இடம் | குட்டி அவசர வேலைகள், குறைந்த ரேம் | பல கால இடைவெளிகளில் வெட்டக்கூடிய வேலைகள் | கற்றல் | வெட்ட முடியாத நீள வேலை, நெட்வொர்க், குழு வேலை |

## முடிவெடுப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

மேலே நான் போட்டது காகிதக் கணக்கு. உங்கள் போர்டில் ஒவ்வொரு வேலையும் தொடங்கும்போது ஒரு பின்னை ஏற்றி, முடியும்போது இறக்கி, லாஜிக் அனலைசரில் (பின் ஏறி இறங்குவதை நேரத்தோடு காட்டும் கருவியில்) பாருங்கள். எம்3, எம்4 போன்ற சிப் என்றால் டிடபிள்யூடி என்ற பிழைதேடும் பகுதியில் இருக்கும் சுழற்சி எண்ணியையும் பயன்படுத்தலாம், எம்0-வில் அது இல்லை. சராசரியைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு வேலையும் மிக அதிகமாக ஓடிய நேரத்தை எடுத்துக் கூட்டுங்கள்.

அந்த எண் மிக அவசரமான வேலையின் பொறுமைக்குள் அடங்கினால் லூப் போதும். அடங்காவிட்டால், அவசர வேலை இன்டரப்டுக்குள் அடங்குமா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் நீள வேலையை வெட்ட முடியுமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்த பிறகு ஆர்டிஓஎஸ் எடுங்கள், தயங்க வேண்டாம். புளூடூத், வைஃபை என்று வந்துவிட்டால் இந்தக் கேள்விகளைத் தாண்டி நேரே நான்காவது வழிக்கே போகலாம்.

எது வந்தாலும் வேலைகளைக் காத்திருக்காத சின்னச் சின்ன ஃபங்ஷன்களாக எழுதிவையுங்கள். அப்படி எழுதியதைப் பிறகு ஆர்டிஓஎஸ் டாஸ்க்குக்குள் வைப்பது எளிது. எங்கு பார்த்தாலும் காத்திருக்கும் டாஸ்க் குறியீட்டை லூப்புக்குத் திருப்புவது ஏறக்குறைய மறுபடி எழுதுவதுதான்.

கற்றுக்கொள்ளவே கர்னல் எழுதப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. எம்3 அல்லது எம்4 போர்டை எடுங்கள், எம்0-வின் குறைகளோடு ஆரம்பிக்க வேண்டாம். முதலில் கோஆப்பரேட்டிவ் ஷெட்யூலரை எழுதி ஓட்டுங்கள். அடுத்து, டைமரே இல்லாமல், டாஸ்க் தானாகக் கேட்டால் மட்டும் பெண்ட்எஸ்வி வழியாக மாறும் அளவுக்குச் செய்யுங்கள். அது ஒரு நாள் முழுக்க ஓடிய பிறகு சிஸ்டிக்கைச் சேருங்கள். பிறகு தூக்கப் பட்டியல், ஸ்டேக் சோதனை, மியூடெக்ஸ், கடைசியாக முன்னுரிமை கொடுக்கும் ஏற்பாடு. அதன் பிறகு ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் டாஸ்க் கோப்பைத் திறந்து படியுங்கள். நீங்கள் மாட்டிக்கொண்டு திணறிய ஒவ்வோர் இடத்தையும் அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று வரிவரியாகத் தெரியும், அடுத்த புராஜெக்டில் அதன் அமைப்புக் கோப்பை நிரப்பும்போது எந்த எண் எதற்கு என்று கேட்க வேண்டியிருக்காது.